எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமே இல்லையா?

மூட்டு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரிடம் நம்மூரில் கேட்கிற முதல் கேள்வி, "எக்ஸ்ரே எடுத்தாங்களா?" என்பதுதான். எடுத்தார் என்றால் அவர் நல்ல டாக்டர். எடுக்கவில்லை என்றால், "வேற எடத்துல காமிங்க" என்று உடனே ஆலோசனை வரும். எடுத்துப் பார்த்துவிட்டு "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல, எலும்பெல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வலிக்கிறவரைத் தவிர!

இந்த "ஒண்ணுமில்ல" என்கிற ஒரு வார்த்தையால் முடக்குவாதக்காரர்களுக்கு ஏற்படும் நஷ்டம் கொஞ்ச நஞ்சமல்ல. எக்ஸ்ரேயின் மேல் தப்பில்லை. அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நினைத்துக்கொள்வதில்தான் தப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முடக்குவாதம் என்றதும் பலருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோகும் பக்கவாதம்தான் நினைவுக்கு வருகிறது. அது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது. இது வேறு. ஆங்கில மருத்துவத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், கிராமத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் பாதுகாப்புப் படை, சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்க ஆரம்பிக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மூட்டின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது வீங்கித் தடித்து, முதலில் குருத்தெலும்பை அரிக்கும், பிறகு எலும்பையே அரிக்கும்.

இன்னொரு குழப்பம் "தேய்மானம்". காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு தேய்மானம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் மதிப்பு குறையும், அதைக் கணக்கில் எழுதி விடுவார்கள். வயதாக ஆக முழங்கால் தேய்வதும் கிட்டத்தட்ட அப்படித்தான். அது ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம் தேய்மானமே அல்ல, அது தீ விபத்து! புது மெஷினையும் எரிக்கும். முப்பது வயதிலும் வரும், ஐம்பதிலும் வரும். ஆனால் நம்மூரில் எந்த மூட்டு வலியாக இருந்தாலும் "எலும்பு தேஞ்சு போச்சு" என்ற ஒரே தலைப்பில் பற்று எழுதிவிடுகிறார்கள்.

இது என்ன, லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்தானே என்று கேட்கலாம். இல்லை. டெல்லிக்கு அருகே கிராமப்புறத்தில் மருத்துவர் மாளவியா குழுவினர் செய்து 1993-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. புனே மாவட்டம் பிக்வான் கிராமத்தில் மருத்துவர் அரவிந்த் சோப்ரா 1996-ல் தொடங்கிய வீடு வீடான ஆய்வில் சுமார் அரை சதவீதம் என்று வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 5,65,223. அதில் பெரியவர்கள் தோராயமாக நாலு லட்சம் என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் பேர். இது வெறும் மனக்கணக்குதான், யாரும் இங்கே எண்ணிப் பார்த்த கணக்கல்ல. ஆனாலும் ஊருக்குப் பத்துப் பேர் என்ற ரீதியில் இருக்கக்கூடிய நோயை அபூர்வ நோய் என்று சொல்ல முடியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரும்பலூர்ப் பக்கம் பருத்திக் காட்டுக்குப் போகிற முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. கோலப்பொடியை இரண்டு விரலால் பிடிக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிறது. மோதிரம் இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை. வெயில் ஏறியதும் வேலைக்குப் போய்விடுகிறார். பருத்தி எடுப்பதும், சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுப்பதும், மக்காச்சோளக் கதிர் உரிப்பதும் எல்லாமே விரல் வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் விரல் மெதுவானால் கூலியும் குறையும். இரண்டு மாதம் தைலம் தேய்த்துப் பார்க்கிறார். முடக்கத்தான் கீரையில் தோசை சுட்டுச் சாப்பிடுகிறார். (முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான் என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். கீரை நல்லதுதான், தோசையும் ருசிதான். ஆனால் சவ்வில் பற்றிய தீயை அது அணைக்குமென்று நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது.)

பிறகு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் போகிறார். எக்ஸ்ரே. ஒண்ணுமில்ல. வலி மாத்திரை, ஓர் ஊசி. அந்த ஊசி ஸ்டீராய்டாக இருந்தால் இரண்டு வாரம் சொர்க்கம்! வலி வீக்கம் எல்லாம் பறந்துவிடும். "கைராசிக்காரர்" என்று ஊரெல்லாம் சொல்வார். ஊசியின் வேகம் குறைந்ததும் மறுபடியும் அதே வலி, மறுபடியும் ஊசி. இப்படியே ஒன்றரை வருஷம் போய், விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கிய பிறகு இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால், இப்போது படம் "பேசும்". எலும்பு ஓரத்தில் எலி கடித்த மாதிரி அரிப்பு. இப்போது எல்லோருக்கும் நோயின் பெயர் தெரியும். தெரிந்து என்ன பயன்? அரித்துப்போன எலும்பு பழையபடி திரும்பி வருவதில்லை.

ஏன் முதல் படத்தில் தெரியவில்லை?

எக்ஸ்ரே அடிப்படையில் ஒரு நிழல் படம். வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்து, டிசம்பரில் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் பளிச்சென்று தெரிந்தன, சதை மங்கலாகத்தான் தெரிந்தது. நூற்று முப்பது வருஷம் ஆகியும் சாதாரண எக்ஸ்ரேயின் குணம் அதுவேதான். சுண்ணாம்புச் சத்து அடர்ந்த எலும்பை நன்றாகக் காட்டும். சவ்வு, குருத்தெலும்பு, நீர் கோத்த வீக்கம் எதையும் தெளிவாகக் காட்டாது. முடக்குவாதம் ஆரம்பிப்பதோ சவ்வில்! திருடன் கொல்லைப்பக்கம் வந்திருக்கிறான், கேமரா தெருவாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எலும்பிலேயே பாதிப்பு தொடங்கினாலும் உடனே படத்தில் வராது. தாதுச் சத்தில் 30 முதல் 40 சதவீதம் குறைந்தால்தான் சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் புலப்படும் என்பது ரேடியாலஜி மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம். முதலில் மூட்டைச் சுற்றி லேசான வீக்கத்தின் நிழல். அப்புறம் மூட்டுக்குப் பக்கத்து எலும்பு மட்டும் வெளிறிப்போகும். பிறகு இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் இடைவெளி குறையும். கடைசியாகத்தான் அரிப்பு வருகிறது, அதுவும் குருத்தெலும்பு மூடாத ஓரப் பகுதியில். பலருக்கு இந்த அரிப்பு நோய் வந்த முதல் இரண்டு வருஷத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. அதாவது மருந்தால் தடுத்திருக்கக்கூடிய நேரம் முழுவதும் படம் "நார்மல்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

வரவு செலவுப் பாஷையில் சொன்னால் எக்ஸ்ரே என்பது மார்ச் 31-ந் தேதி ஐந்தொகை மாதிரி. போன நஷ்டம் எவ்வளவு என்று துல்லியமாகக் காட்டும். இன்றைக்குக் கல்லாவில் யார் கை வைக்கிறார்கள் என்று காட்டாது.

உலக மருத்துவர்களுக்கே இது உறைக்கக் கொஞ்ச காலம் ஆனது. அமெரிக்க வாதநோய் சங்கம் 1987-ல் வெளியிட்ட வரையறையில் ஏழு அம்சங்கள் இருந்தன. காலை இறுக்கம் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும், இரண்டு கையிலும் ஒரே மாதிரி பாதிப்பு இருக்க வேண்டும் என்பது போன்றவை. ஏழில் நான்கு பொருந்தினால் முடக்குவாதம். அந்த ஏழில் ஒன்று, கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில் தெரியும் மாற்றம். முற்றிய நோயாளிகளை அடையாளம் காண இது நன்றாகவே உதவியது. ஆனால் வலி வந்து ஆறு வாரம், எட்டு வாரம் ஆனவர்கள் இந்த வலையில் சிக்கவில்லை.

2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வரையறையை மாற்றின. பத்து மதிப்பெண்ணில் ஆறு எடுத்தால் முடக்குவாதம். எத்தனை மூட்டு, எந்த மூட்டு என்பதற்கு 5 வரை, ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளுக்கு 3 வரை, ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1, ஆறு வாரமோ அதற்கு மேலோ நீடித்தால் 1. எக்ஸ்ரேக்கு எத்தனை மார்க்? பூஜ்யம்! தேர்விலிருந்தே எடுத்துவிட்டார்கள். அச்சு அசலான அரிப்பு ஏற்கெனவே படத்தில் இருந்தால் மட்டும், மார்க் கூட்டாமலேயே முடக்குவாதம் என்று ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். (இந்த வரையறைகள் முதன்மையாக ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டவை. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் முடிவுதான் கடைசி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

இப்படி ஒரு மாற்றம் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும், சிறு ஊர்களில் எக்ஸ்ரேதான் தீர்ப்பு சொல்கிறது என்றால் அது யார் தப்பு? மருத்துவர்களை மட்டும் திட்டுவது நியாயமாக இருக்காது. பக்கத்தில் இருப்பது எக்ஸ்ரே மெஷின், சில நூறு ரூபாயில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. கதிர்வீச்சும் பயப்படும் அளவில்லை, கையை ஒரு தடவை படம் எடுப்பதில் படும் கதிர், சாதாரணமாக ஒரு நாளில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் மேல் படுவதைவிடக் குறைவு. சவ்வு வீக்கத்தைச் சீக்கிரமே காட்டக்கூடிய அல்ட்ராசவுண்ட் மூட்டுக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு, எம்.ஆர்.ஐ. செலவு அதிகம். ஆன்டி சி.சி.பி. எக்ஸ்ரேயைவிடக் கூடுதல் செலவு. வாதநோய் நிபுணர் வேண்டுமென்றால் திருச்சி, வேலூர் சி.எம்.சி., சென்னை அரசு பொது மருத்துவமனை என்று வெளியூர்தான் பார்க்க வேண்டும். நோயாளியும் கையில் ஒரு படம் கொடுத்தால்தான் கொடுத்த காசுக்கு வைத்தியம் என்று நம்புகிறார். ஆக எல்லோருக்கும் வசதியானது எக்ஸ்ரே.

ரத்தப் பரிசோதனை மட்டும் தேவவாக்கா என்றால் அதுவும் இல்லை. முடக்குவாதக்காரர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வரும். காசநோய், தொழுநோய், சில கல்லீரல் நோய்கள் உள்ளவர்களுக்கும், சும்மா வயதானவர்களுக்கும்கூட பாசிட்டிவ் வரும். "மூட்டுவலி பேக்கேஜ்" என்று லேப் வாசலில் போர்டு வைத்து விற்கிற பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு நோயைத் தானே முடிவு செய்துகொள்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். ஆன்டி சி.சி.பி. இதைவிட நம்பகமானது, ஆனால் அதுவும் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல.

அப்படியானால் எக்ஸ்ரே வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும்! இந்த இடத்தில்தான் பலரும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "முடக்குவாதத்துக்கு எக்ஸ்ரே வேஸ்ட்" என்பதும் தவறு.

முதல் நாள் எடுக்கும் படம் ஆரம்ப இருப்பு. ஆரம்ப இருப்பு இல்லாமல் எந்தக் கணக்கும் எழுத முடியாது. இரண்டு கைகளையும் இரண்டு பாதங்களையும் எடுக்க வேண்டும். வலிக்கிற கை ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் போவது பாதிக் கணக்கு. காலில் வலியே இல்லை, ஏன் பாதத்தை எடுக்கச் சொல்கிறார் என்று சந்தேகப்படாதீர்கள். கால் சுண்டுவிரல் அடிமூட்டில்தான் பலருக்கு முதல் அரிப்பு தெரிகிறது. அடுத்த வருஷம் அதே மாதிரி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா, வலி மட்டும் குறைந்து எலும்பு சத்தமில்லாமல் அரிபடுகிறதா என்று தெரிந்துவிடும். 1971-ல் ஷார்ப் என்ற மருத்துவர் மூட்டு மூட்டாக மார்க் போடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் திருத்திய வடிவத்தைத்தான் புது மருந்துகளைச் சோதிக்கும்போதும் பயன்படுத்துகிறார்கள். "எங்கள் மருந்து மூட்டைக் காப்பாற்றும்" என்று சொல்கிற கம்பெனி, நோயாளியின் வாய்மொழியை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது, எக்ஸ்ரேயைக் காட்ட வேண்டும்.

மற்ற நோய்களைப் பிரித்துக் காட்டவும் எக்ஸ்ரே உதவும். தேய்மானத்தில் எலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளரும், விரல் நுனி மூட்டு அதிகம் பாதிக்கும். முடக்குவாதம் பெரும்பாலும் நுனி மூட்டை விட்டுவிட்டு நடு மூட்டையும் அடி மூட்டையும் மணிக்கட்டையும் பிடிக்கும். ஒரே ஒரு மூட்டு மட்டும் நாள்பட்டு வீங்கியிருந்தால் நம் நாட்டில் எலும்புக் காசநோயை மறக்கக் கூடாது. நோய் நாள்பட்டவர்களுக்கு எந்த ஆபரேஷன் செய்வதற்கு முன்பும் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது முக்கியம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்திருந்தால், மயக்க மருந்து கொடுக்கத் தலையை வளைக்கும்போது தண்டுவடம் நசுங்கும் ஆபத்து இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயும் தேவைப்படும், மருந்து தொடங்கும் முன் நுரையீரல் எப்படி இருக்கிறது, பழைய காசநோய்த் தடம் உண்டா என்று பார்க்க.

சிக்குன்குனியாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1964-லேயே சென்னையிலும் வேலூரிலும் வந்து போன இந்த வைரஸ், பல வருஷம் காணாமல் போயிருந்து 2006-ல் திரும்பி வந்தது. அந்த ஒரு வருஷத்தில் நாடு முழுக்க சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்பது அரசுக் கணக்கு, தமிழ்நாட்டில் மட்டும் 64 ஆயிரத்துக்கும் மேல். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனாலும் மூட்டு வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நின்றது. இரண்டு கையும் வீங்கும், காலையில் இறுக்கம், அச்சு அசல் முடக்குவாதம் மாதிரியே! அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கை வீங்கினால், "அது சிக்குன்குனியா வலி, தானா போயிரும்" என்கிறார்கள். பெரும்பாலும் வைரஸ் வலியில் எலும்பு அரிப்பு வராது. ஆகவே சில மாதம் கழித்துத் திரும்ப எடுக்கும் எக்ஸ்ரேக்கு இங்கே அர்த்தம் உண்டு. ஆனால் அதுவரை ரத்தப் பரிசோதனை செய்யாமல், நிபுணரிடம் போகாமல், படத்துக்காகக் காத்திருப்பது என்பது வீடு பற்றி எரிகிறதா என்று கூரை விழும் வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

ஏனென்றால் இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. அதுவும் மலிவான மருந்து, மெதோட்ரெக்ஸேட். அதன் பின்னால் இருக்கிற கதை பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன யெல்லாப்பிரகாத சுப்பாராவ், லெடர்லி நிறுவனத்தில் தலைமை ஏற்று நடத்திய ஆராய்ச்சியில்தான் 1940-களில் இந்த மருந்து உருவானது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்கு. மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் கேட்கும் என்பது பிறகு உறுதியாகி, 1988-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. (எக்ஸ்ரே பிறந்த அதே 1895-ல்தான் சுப்பாராவும் பிறந்தார்!) வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் என்று தப்பாக நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடக் கூடாது, இடையிடையே ரத்தம், கல்லீரல் பரிசோதனை வேண்டும். அதனால் மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் சமாச்சாரமல்ல. ஆனால் முதல் மூன்று மாதம், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் இந்த மாதிரி மருந்தைத் தொடங்கியவர்களுக்கும், இரண்டு வருஷம் கழித்துத் தொடங்கியவர்களுக்கும் பிற்காலத்தில் கை இருக்கும் நிலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

கை போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் கிறிஸ்டியன் பர்னார்ட். 1967 டிசம்பரில் கேப் டவுனில் உலகிலேயே முதல் முறையாக மனித இதயத்தை மாற்றி வைத்தவர். (சென்னையில் 1934-ல் திறந்த பர்னார்ட் ரேடியாலஜி நிலையம் இவர் பெயரில் அல்ல, கேப்டன் டி.டபிள்யூ. பர்னார்ட் என்ற எக்ஸ்ரே மருத்துவர் பெயரில்.) அவ்வளவு பெரிய சர்ஜனும் விரல்களில் முடக்குவாதம் முற்றியதால் 1983-ல் கத்தியைக் கீழே வைக்க வேண்டி வந்தது. அவருக்கு இருந்த வசதிக்கும் புகழுக்கும் அதன் பிறகும் வாழ்க்கை ஓடியது. பருத்தி எடுக்கும் கைக்கு ஓய்வூதியம் யார் தருவார்கள்?

செய்யக்கூடியது பெரிய விஷயமல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வந்து பார்த்தார்கள். அந்த மாதிரி வருகிறவர்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்: "காலையில எந்திரிச்சதும் விரல் மடக்க எவ்வளவு நேரம் ஆகுது?" அரை மணிக்கு மேல், ஆறு வாரத்துக்கு மேல், இரண்டு கையும் வீக்கம் என்று பதில் வந்தால், விரல் அடிமூட்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்திப் பார்க்கலாம். வலியில் முகம் சுளித்தால் எக்ஸ்ரே என்ன சொன்னாலும் நிபுணரிடம் அனுப்பச் சீட்டு எழுத வேண்டும். அரியலூரிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இது போன்ற இடங்களில் வாரம் ஒரு நாள் வாதநோய்ப் பிரிவு இயங்கினால், இரண்டு மாவட்டத்துப் பெண்களுக்கும் சென்னை வரை அலைய வேண்டிய வேலை மிச்சம்.

அப்புறம் அந்த எக்ஸ்ரே படங்கள். சுருட்டி ஜன்னல் கம்பியில் சொருகுவார்கள், பரண் மேல் போட்டு ஒட்டிப்போக விடுவார்கள், கிரகணத்தன்று சூரியனைப் பார்க்கக் குழந்தைகள் கையில் கொடுப்பார்கள் (கண்ணுக்கு ஆபத்து, தயவுசெய்து வேண்டாம்). முடக்குவாதக்காரர் வீட்டில் அந்தப் படம் பத்திரம் மாதிரி. தேதி எழுதி, மடிக்காமல், வீட்டுப் பட்டா இருக்கிற அதே பெட்டியில் வைத்து, அடுத்த முறை போகும்போது கையோடு எடுத்துப் போக வேண்டும். பழைய படம் இல்லாமல் புதுப் படத்தை மட்டும் நீட்டினால், பார்க்கிற மருத்துவருக்கு அந்தக் கை எங்கே நிற்கிறது என்றுதான் தெரியும், எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாது.